படுக்கைப் புண்: சேர்க்கும் நாளிலேயே பார்க்க வேண்டியதும் எழுதி வாங்க வேண்டியதும்

படுக்கைப் புண் பற்றிய தகராறு பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: புண் இங்கே வந்ததா, வரும்போதே இருந்ததா? இதற்கான பதிலைச் சேர்க்கும் நாளிலேயே எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

எழுந்து நடமாட முடியாதவரை மருத்துவமனையிலோ முதியோர் பராமரிப்பு இல்லத்திலோ சேர்த்ததும், நர்ஸை அருகில் வைத்துக்கொண்டு அவரைப் புரட்டிப் பாருங்கள். பிடரி, தோள்பட்டை எலும்பு, முழங்கை, வால் எலும்புப் பகுதி, இடுப்பின் இரு பக்கம், கணுக்கால், குதிகால் எல்லாம் பார்க்க வேண்டிய இடங்கள். ஆக்சிஜன் குழாய் உரசும் காதுமடலின் பின்புறத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். சிவந்த இடத்தை விரலால் மூன்று விநாடி அழுத்தி எடுங்கள். வெளுத்துப் பிறகு சிவந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது. வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் அது முதல் நிலைப் புண், அதாவது தோல் இன்னும் கிழியாத ஆரம்பக் கட்டம். கருத்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடச் சூடாக, கெட்டியாக, தொட்டால் வலிப்பதாக இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். ஊதா நிறத் திட்டு இருந்தால் தோல் கிழியாவிட்டாலும் உள்ளே சதை கெட்டிருக்கலாம்.

கண்டதைக் கேஸ் ஷீட்டில் தேதி, நேரத்தோடு எழுதச் சொல்லுங்கள். ‘புண் எதுவும் இல்லை’ என்பதும் எழுதவேண்டிய குறிப்புதான். பின்னால் அதிகம் பேசப்போவது அந்த வரி. புண் வரும் அபாயத்தைக் கணக்கிடும் பிரேடன் அளவுகோல் பல இடங்களில் வழக்கத்தில் உள்ளது. ஆறு தலைப்பு, மொத்தம் 23 புள்ளி. 18 அல்லது அதற்குக் கீழே என்றால் அபாயம். எத்தனை புள்ளி, அதற்கு என்ன செய்யப்போகிறார்கள் என்று கேளுங்கள்.

எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சதை நசுங்கி ரத்தம் போகாமல் நிற்பதால்தான் புண் வருகிறது. அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவது வழக்கம். உடல்நிலை, மெத்தையைப் பொறுத்து இது மாறலாம். காற்று மெத்தை போட்டுவிட்டோம், புரட்ட வேண்டாம் என்று சொன்னால் ஏற்காதீர்கள். முழுப் பக்கவாட்டில் கிடத்தினால் பாரமெல்லாம் இடுப்பெலும்பில் இறங்கும். முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். தலைப்பக்கத்தை 30 டிகிரிக்கு மேல் உயர்த்தினால் உடம்பு கீழே சறுக்கும். தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, எலும்பு மட்டும் நகர்ந்து உள்சதை கிழியும். ஆனால் மூக்குக் குழாய் வழியாக உணவு போகிறவருக்குப் புரையேறாமலிருக்கத் தலை உயர்ந்துதான் இருக்க வேண்டும். அவரை நீங்களாகத் தாழ்த்தாதீர்கள்; மருத்துவரைக் கேளுங்கள். மேலே நகர்த்தும்போது அக்குளைப் பிடித்து இழுக்காமல், விரிப்போடு இரண்டு பேர் தூக்க வேண்டும்.

கெண்டைக்காலுக்கு அடியில் நீளமாகத் தலையணை வைத்து, குதிகால் எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்கட்டும். வளையத் தலையணை வேண்டாம். விளிம்பு அழுத்தி ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடவும் கூடாது. நாற்காலியில் உட்காரவைப்பதை ஓய்வென்று எண்ணி மணிக்கணக்கில் விட்டுவிடுவார்கள். உட்காரும்போதுதான் பிட்டத்து எலும்பில் பாரம் அதிகம். மணிக்கு ஒருமுறையாவது நிலை மாற்ற வேண்டும். உணவில் புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம் வரை தேவை. 50 கிலோ எடைக்கு நாளுக்கு 62.5 முதல் 75 கிராம். சிறுநீரக நோயிருந்தால் மருத்துவர் சொல்வதுதான் அளவு.

புண் வந்துவிட்டால், நோயாளியின் சம்மதத்தோடு, பக்கத்தில் அளவுகோல் வைத்து வாரம் ஒருமுறை படம் எடுங்கள். வேறு நோயாளிகள் படத்தில் விழக்கூடாது. ஒவ்வொரு முறை புரட்டிய நேரத்தையும் எழுதிக் கையெழுத்திடும் புரட்டும் சார்ட்டையும் பாருங்கள். மாலை 4 மணிக்குப் பார்க்கும்போது 6 மணிக்கான கையெழுத்து ஏற்கெனவே விழுந்திருந்தால், தேதி, நேரத்தோடு குறித்து, தலைமை நர்ஸிடம் அன்றே எழுத்தில் கொடுங்கள். காய்ச்சல், கெட்ட வாடை, கருத்த சதை, திடீர்க் குழப்பம் தெரிந்தால் முதலில் மருத்துவர்; புகாரெல்லாம் பிறகு.

சிகிச்சை விவரம் அறிவது, சம்மதிப்பது அல்லது மறுப்பது, பதிவேடுகளின் நகல் பெறுவது ஆகியவற்றைப் பல நாடுகளின் சட்டம் உரிமையாகத் தருகிறது. நோயாளியால் கேட்க முடியாவிட்டால் யார் கேட்கலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடாதீர்கள். எத்தனை முறை புரட்டினார்கள் என்பது அதில் இருப்பது அரிது. நர்ஸ் குறிப்புகள், புரட்டும் சார்ட், அபாயப் புள்ளித்தாள், புண் அளவுத்தாள், எடை மற்றும் உணவுப் பதிவு என்று பெயர் சொல்லி எழுதிக் கேட்டு, உங்கள் நகலில் தேதியோடு ஒப்புகைக் கையெழுத்து வாங்குங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

எல்லாப் படுக்கைப் புண்ணும் அலட்சியத்தால் வருவதில்லை. கடைசிக் காலத்தில் ரத்த ஓட்டம் குன்றியவருக்கு நல்ல கவனிப்பிலும் வரலாம். செய்யவேண்டியதைச் செய்யவில்லை, அதனால்தான் புண் வந்தது என்ற இரண்டையும் காட்டினால்தான் வழக்கு நிற்கும். வழக்குத் தொடரக் காலக்கெடுவும் உண்டு, இடத்துக்கு இடம் மாறும். நிர்வாகம் உள்விசாரணை நடத்துவதால் அந்தக் கெடு நின்றிருக்கும் என்று நம்பி இருந்துவிடாமல், வழக்கறிஞரிடம் முன்னதாகவே தேதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.