கழுத்தைத் திருப்புவதா, வண்டியைத் திருப்புவதா? ‘டர்ன்’ என்ற சொல்லைப் பழகும் விதம்

இலங்கை மலைநாட்டில் எல்ல என்ற ஊரிலிருந்து வெல்லவாயப் பக்கம் இறங்கும் பாதையில், ராவணா எல்ல நீர்வீழ்ச்சியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். பின் சீட்டிலிருந்த வெள்ளைக்கார அம்மா “டர்ன் எரவுண்ட், ப்ளீஸ்” என்றார். ஓட்டோவை ஓரமாக நிறுத்தி, கழுத்தைத் திருப்பி அவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். மறுபடியும் “டர்ன் எரவுண்ட்” என்றார். அதுக்கு மேல் என் கழுத்து திரும்பாது. கடைசியில் விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். குடையை நீர்வீழ்ச்சிக் கடையில் மறந்துவிட்டாராம், வண்டியைத் திருப்பச் சொல்கிறார்.

நான் செய்ததும் முழுப் பிழை இல்லை. நின்றுகொண்டிருக்கும் ஆளிடம் சொன்னால் அதே சொல்லுக்கு ‘திரும்பு’ என்றுதான் அர்த்தம். ஓட்டுகிறவனிடம் சொன்னால் வண்டியைத் திருப்பு. அன்று இரவே மகளின் பழைய சீ.ஆர். கொப்பியில் எழுதத் தொடங்கினேன். இப்போது ஸ்டாண்டில் புதிதாகச் சேரும் தம்பிமாருக்கு அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.

முதலில் அகராதியை மூடிவையுங்கள். அதில் இந்த ஒரு சொல்லுக்கு அர்த்தம் பத்தி பத்தியாகப் போகும், மண்டையில் நிற்காது. வெள்ளைக்காரர் வாயில் ‘டர்ன்’ வந்தால் ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இங்கே எது மாறுகிறது? முகமா, போகிற பாதையா, குணமா?

முகம் மாறுவது எளிது. தலையைத் திருப்புவது, சாவியைத் திருப்புவது, கொப்பியின் பக்கத்தைப் புரட்டுவது எல்லாம் டர்ன்தான். தட்டில் வேகும் ரொட்டியின் அடிப்பக்கம் மேலே வந்தால் ‘டர்ன் ஓவர்’, நம் பேச்சில் புரட்டிப் போடுவது. (காலையில் வேலை பிரித்துக் கொடுக்க ஆட்களைக் கூட்டும் தோட்டத்துப் பெரட்டுக்கும் இந்தப் புரட்டுக்கும் சொந்தம் இல்லை. அது பரேட் என்ற இங்கிலீசு நம் வாயில் உருண்டு பெரட்டானது.) ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். தமிழில் நானே செய்தால் திரும்பினேன், இன்னொன்றைச் செய்தால் திருப்பினேன். இங்கிலீசில் இரண்டுக்கும் ஒரே டர்ன். பின்னால் ஒரு பொருளின் பெயர் வந்தால் ‘திருப்பு’, வராவிட்டால் ‘திரும்பு’ என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் பிழை வராது.

பாதை மாறுவதுதான் நம் தொழில், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம். ரோட்டின் முடக்கை ‘பெண்ட்’ என்பார்கள். அதில் நமக்குத் தெரிவு இல்லை, ரோட்டு வளைந்தால் நாமும் வளைய வேண்டியதுதான். ‘டர்னிங்’ என்றால் பிரிந்து போகும் பாதை. பண்டாரவளையிலிருந்து பதுளை ரோட்டில் வந்தால் கும்பல்வெலச் சந்தியில் எல்லவுக்கு வலப்பக்கம் பிரிகிறதே, அது டர்னிங். அதைப் போய் பெண்ட் என்று சொன்னால், பயணி முடக்கு முடக்காக எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

‘டர்ன் எரவுண்ட்’ என்றால் வண்டியின் மூக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். ‘டர்ன் பேக்’ என்றால் போன காரியத்தை விட்டுவிட்டு வந்த வழியே திரும்புவது. மழை கொட்டி மண் சரிந்து கிடக்கும் நாளில் நாமே சொல்ல வேண்டிய சொல் அது. ‘ரிவேர்ஸ்’ என்றால் மூக்கு அப்படியே இருக்க, வண்டி மட்டும் பின்னால் போகும். மூன்றையும் ஒன்றாகக் குழப்பினால் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம் என்கிற நம் ரோட்டில் ஆபத்து. வண்டி ஒரே வீச்சில் திரும்பினால் ‘யூ டர்ன்’. ரோட்டு அகலம் போதாமல் முன்னே, பின்னே, மறுபடி முன்னே என்று திருப்பினால் ‘த்ரீ பொயிண்ட் டர்ன்’.

சுற்றுகிற சாமான்களுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. பூமி தன்னைத் தானே ஒரு நாளில் சுழல்வது ‘ரொட்டேட்’, சூரியனை ஒரு வருஷத்தில் சுற்றி வருவது ‘ரிவோல்வ்’. சேற்றில் சில்லு மட்டும் வேகமாகச் சுற்றி வண்டி நகராமல் நின்றால் அது ‘ஸ்பின்’. டீ ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், ரோலர் கொழுந்தை முறுக்குவது ‘டுவிஸ்ட்’. தேயிலையைச் சோதிக்கிறவர்களும் இலை நன்றாக முறுக்கேறியிருந்தால் அந்தச் சொல்லைத்தான் சொல்வார்கள். தீபாவளிக்குச் சுடும் முறுக்கை நினைத்துக்கொண்டால் மறக்காது. ‘லூப்’ வேண்டுமென்றால் தெமோதரைக்குப் போங்கள். எல்லயிலிருந்து வரும் ரயில் ஸ்டேஷனைத் தாண்டி, மலையைச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேஷனுக்குக் கீழே இருக்கும் சுரங்கத்துக்குள் நுழையும். ஒரு கங்காணி தலைப்பாகை சுற்றியதைப் பார்த்துத்தான் அப்படிப் போட்டார்கள் என்று ஊரில் ஒரு கதை. உண்மையோ இல்லையோ, பயணிகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

குணம் மாறுவதில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். ‘த மில்க் ஹேஸ் டர்ன்ட்’ என்றால் பால் எங்கேயும் திரும்பவில்லை, திரிந்துவிட்டது. எனக்கு இதில் ஒரு சந்தோஷம். தமிழிலும் ‘திரி’ என்றால் சுற்று, முறுக்கு, மாறு எல்லாம்தான். முறுக்கிய பஞ்சு விளக்குத் திரி, சுற்றி அரைக்கும் கல் திரிகை, பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆவது இலக்கணத்தில் திரிதல். அதனால் பால் விஷயத்தில் அகராதியே வேண்டாம். கொழுந்து புளிக்கும்போது பச்சை போய்ச் செம்பு நிறம் ஆவதும், ஒரு ஆளுக்கு நாற்பது வயது ஆவதும் டர்ன்தான். அங்கெல்லாம் ‘ஆனது’ என்று போட்டுப் பாருங்கள், பொருந்தும்.

‘டர்ன்’ என்ற சொல்லின் பிறப்பே கடைசல் பட்டறைதான். கடைசல் இயந்திரத்துக்கான கிரேக்கச் சொல் லத்தீன் வழியாக இங்கிலீசுக்கு வந்திருக்கிறது. கடைசல்காரரை இன்றைக்கும் டர்னர் என்றுதானே சொல்கிறோம்.

முகம், பாதை, குணம் மூன்றிலும் அடங்காதது ஒன்று உண்டு: முறை. தோட்டத்து லயத்தில் தண்ணீர் விழும் பீலியில் வாளியோடு நிற்கும்போது “இப்ப என் முறை” என்று சண்டை பிடிப்போமே, அதுதான் ‘மை டர்ன்’. ஸ்டாண்டில் அடுத்த ஹயர் யாருக்கு என்பதும் இதுதான்.

அப்புறம் வால் முளைத்த டர்ன்கள். இவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர வழி இல்லை. லைட்டுக்கு ஓன், ஓஃப். ரேடியோ சத்தத்தைக் கூட்ட ‘அப்’, குறைக்க ‘டவுன்’. ஆள் வந்து சேர்ந்தாலும் ‘டர்ன் அப்’. கேட்டதை மறுத்தாலும் ‘டர்ன் டவுன்’. பெரிய ஹோட்டலில் சாயந்தரம் படுக்கையைத் தட்டி விரிக்கும் வேலைக்கும் அதே பெயர். ராத்திரி ஹோட்டல் வாசலில் இறங்கும்போது பயணி “ஐம் டர்னிங் இன்” என்றால் வண்டியை உள்ளே திருப்பிவிடாதீர்கள். தூங்கப் போகிறேன் என்கிறார். காசை வாங்கிக்கொண்டு குட் நைட் சொல்லுங்கள்.