துருக்கி மாணவர்களின் டிஜிட்டல் திறன்: அளக்கப் போகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

"தேவையான தகவலை இணையத்தில் எளிதாகத் தேடி எடுப்பேன்" என்று ஒரு வரி, எதிரே 1 முதல் 5 வரை கட்டங்கள். துருக்கியில் லிசே என்று சொல்லும் 9 முதல் 12 வரையிலான வகுப்புகளில் டிஜிட்டல் திறனை அளக்கப் போகிறவர்களுக்கு முதலில் கைக்கு வருவது இந்த மாதிரிக் கேள்வித்தாள்தான். பதினாறு வயதுப் பையன் 5-ஐ வட்டமிட்டால் அவனுக்குத் தன்மேல் நம்பிக்கை இருக்கிறது என்று தெரியும். தேடத் தெரியுமா என்பது தெரியாது.

2013இல் நடந்த ஐசிஐஎல்எஸ் என்ற பன்னாட்டுத் தேர்வு, 8ஆம் வகுப்புப் பிள்ளைகளைக் கணினியில் உட்காரவைத்து வேலை வாங்கியது. பெரும்பாலான நாடுகளில் மாணவிகளுக்கே அதிக மதிப்பெண். ஆனால் சிக்கலான கணினி வேலைகளை முடிப்பேன் என்ற நம்பிக்கை பையன்களுக்குத்தான் அதிகம். கேள்வித்தாளை மட்டும் நம்பியிருந்தால் படம் தலைகீழாகியிருக்கும்.

அந்தத் தேர்வில் துருக்கியின் சராசரி 361, அதாவது கடைசி இடம். அளவுகோலின் நடு 500. வகுப்பறைக்கு ஸ்மார்ட் போர்டும் மாணவர் கைக்கு டேப்லெட்டும் தர 2010இல் அறிவிக்கப்பட்ட ஃபாத்திஹ் திட்டம் அப்போது தொடக்க நிலையில்தான் இருந்தது, அதனால் பழியை அதன்மேல் போட முடியாது. அதே நியாயப்படி, கருவிகளின் எண்ணிக்கையைத் திறனாகக் கணக்கு எழுதவும் கூடாது.

அடுத்த சறுக்கல், யாரை அளப்பது என்ற மாதிரித் தேர்வில். தெரிந்த ஆசிரியர் இருக்கும் ஒரே பள்ளியில் 300 பேரைப் பிடித்து "துருக்கி மாணவர்கள்" என்று எழுதிவிடுவது. அங்கே 8ஆம் வகுப்பு முடிவில் எழுதும் எல்ஜிஎஸ் என்ற நுழைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுப்பவர்கள் அறிவியல் லிசேக்கும், பொதுக் கல்வி தரும் அனதோலு லிசேக்களில் பெயர்பெற்றவற்றுக்கும் போகிறார்கள். தொழிற்கல்வி லிசே, மதக் கல்வியும் தரும் இமாம் ஹதீப் லிசே எல்லாம் வேறு வேறு உலகங்கள். எந்த வகைப் பள்ளி என்று சொல்லாத சராசரி எதற்கும் உதவாது. சிரியாவிலிருந்து வந்து அரபியை வீட்டு மொழியாகக் கொண்ட பிள்ளைகளும் பல வகுப்புகளில் உண்டு. அவர்கள் தடுமாறியது கணினியிலா, கேள்வியின் துருக்கி மொழியிலா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

சரி, கணினியிலேயே தேர்வு வைத்தாயிற்று என்றால் தொல்லை தீர்ந்ததா? துருக்கி மொழியில் புள்ளி வைத்த 'ஐ' (i), புள்ளியில்லாத 'ஐ' (ı) இரண்டும் தனித்தனி எழுத்துகள். பெரிய எழுத்திலும் அந்த வேறுபாடு உண்டு. ஆங்கில அமைப்பில் இருக்கும் மென்பொருள் பெரிய எழுத்தைச் சிறியதாக்கி விடையை ஒப்பிட்டால், சரியான பதிலுக்கும் பூஜ்யம் விழும். நிரல் எழுதுபவர்களுக்கு இது பழைய தலைவலி, கல்வி ஆய்வாளர்களுக்குத்தான் புதிது. தானியங்கி மதிப்பெண்ணை வெளியிடும் முன் ஐம்பது விடைத்தாள்களையாவது ஆள் வைத்துத் திருத்திப் பாருங்கள்.

கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் க்ரோன்பாக் ஆல்ஃபா 0.90க்கு மேல் வந்துவிட்டது என்று மகிழ்வதும் அவசரம். ஒரே கேள்வியைப் பத்து விதமாகக் கேட்டாலும் அந்த எண் ஏறும். அப்புறம், எந்தக் கேள்விகள் ஒன்றாகச் சேர்கின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வில் அமைப்பைக் கண்டுபிடித்த அதே மாணவர்களை வைத்தே அதை உறுதிசெய்தும் விடுகிறார்கள். இரண்டாவது சுற்றுக்கு வேறு மாணவர்கள் வேண்டும், முடிந்தால் வேறு ஊரில்.