பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடி போடாதீர்கள்

பணியிடத்தில் ஊசி குத்திக்கொள்ளும் விபத்துகளில் பல, ஊசியைச் செலுத்தி முடித்த பிறகே நேர்கின்றன. ஒரு கையில் சிரிஞ்சும் மறு கையில் மூடியுமாக, அந்தச் சிறு வாய்க்குள் முனையை நுழைக்க முயலும்போது, மயிரிழை விலகினாலும் அது மூடியைப் பிடித்திருக்கும் விரலில்தான் இறங்கும். ஆகவே, பயன்படுத்திய ஊசியை மூடாமல், வளைக்காமல், சிரிஞ்சிலிருந்து கையால் கழற்றாமல், துளைபடாத கெட்டியான கழிவுப் பெட்டிக்குள் அப்படியே போட்டுவிட வேண்டும். அந்தப் பெட்டி வேலை நடக்கும் இடத்திலேயே கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அதை அறையின் மறுகோடியில் வைத்துவிட்டு ஊழியரைக் குறைகூறுவது நியாயமன்று.

பெட்டி முக்கால் பங்கு நிறைந்ததும் இறுக மூடி அகற்றிவிடுங்கள். நிரம்பி வழியும் பெட்டியின் வாயில் நீட்டிக்கொண்டிருக்கும் ஊசியைக் கையால் உள்ளே அழுத்துவது பெரும் ஆபத்து. சாதாரணக் குப்பைப் பையில் போட்ட ஒரே ஒரு பிளேடு, அதைத் தூக்கிச் செல்லும் துப்புரவுப் பணியாளரின் காலைக் கிழித்துவிடும் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

இவ்வளவு கவனத்தையும் மீறிக் குத்திவிட்டால், காயத்தைப் பிதுக்கவோ வாயால் உறிஞ்சவோ கூடாது. ஓடும் நீரில் சோப்பிட்டு நன்றாகக் கழுவிவிட்டு, உடனே மேற்பார்வையாளரிடம் தெரிவித்து மருத்துவரைப் பார்க்க வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவையென்று அவர் முடிவுசெய்தால், அதை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும்; முதல் சில மணி நேரங்களிலேயே தொடங்குவது மிக நல்லது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டுக்கொள்ளாதவர்கள் அதையும் அப்போதே கேட்டுப் பெறுங்கள்.