ஆடிப்பட்டம் இங்கே செல்லாது: டர்பன் வீட்டுத் தோட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்த முதல் வருடம், ஆடி பிறந்ததும் வெண்டை விதை ஊன்றினேன். மன்னார்குடிப் பக்கம் வளர்ந்த எனக்கு விதைப்பு என்றாலே ஆடிதான். பதினைந்து நாளாகியும் ஒன்றும் முளைக்கவில்லை. மண்ணைக் கிளறிப் பார்த்தால் விதைகள் ஊறி அழுகிக் கிடந்தன. பக்கத்து வீட்டு ஆயா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, "இது குளிர் மாசம் கண்ணு. வெண்டையெல்லாம் புரட்டாசியில போடணும்" என்றார்.

ஆயாவின் குடும்பம் கேட்டோ மேனரில் காய்கறித் தோட்டம் வைத்திருந்தது. வெள்ளையர் ஆட்சியின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின்கீழ் அங்கிருந்து கிளப்பப்பட்டு, 1960-களில் இந்தியர்களுக்கென ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு வந்தவர்கள். சின்ன முற்றத்தில் அவர் விளைவிப்பதைப் பார்த்துத்தான், ஊர் வழக்கத்தை இந்த மண்ணில் அப்படியே வைத்துப் பார்ப்பதே என் தவறுகளில் பாதி என்று புரிந்தது. புதிதாக வந்து, தமிழ்நாட்டு மாடித்தோட்ட வீடியோக்களைப் பார்த்து விதைக்கிற பலரும் இதே இடத்தில்தான் இடறுகிறார்கள்.

மாதக் கணக்கை முதலில் திருத்திக்கொள்ள வேண்டும். இங்கே ஆடி கடுங்குளிர். ஜூலை இரவுகளில் 11, 12 டிகிரிக்கு இறங்கும், மழையும் குறைவு. புரட்டாசி வசந்தம். தை நல்ல கோடை, அதோடு மழை. சித்திரையில் வெயில் தணியத் தொடங்கிவிடும். அதனால் வெண்டை, கத்தரி, மிளகாய், புடலை, பாகல், பூசணி எல்லாவற்றையும் புரட்டாசி விரதக் காலத்தில் விதைப்பதே சரி. கொத்தமல்லி, வெந்தயம், முள்ளங்கி, பட்டாணி, முட்டைக்கோஸ் போன்றவை சித்திரை, வைகாசிக்கு. கொத்தமல்லியை மார்கழியில் விதைத்துவிட்டு, "இலை வருமுன்னே பூத்துவிடுகிறதே" என்று வருந்துபவர்களை நிறையப் பார்க்கிறேன். விதையில் குற்றமில்லை. வெயில் ஏறினால் மல்லி இலையை விட்டுவிட்டுப் பூவுக்குப் போய்விடும்.

தக்காளி விஷயத்தில் இன்னும் தெளிவாகச் சொல்ல வேண்டும். கோடை மழையில் தக்காளி நட்டால் இலைக்கருகலும் பழ ஈயும் சேர்ந்து செடியை முடித்துவிடும். டர்பன் கடற்கரைப் பக்கம் உறைபனி கிடையாது. மாசி, பங்குனியில் நாற்று விட்டுக் குளிர்காலப் பயிராக வளர்த்தால் நோய் குறைவு, பழமும் சுத்தமாக இருக்கும். லெனேசியாவில் இருப்பவர்கள் இதைப் பின்பற்றக் கூடாது. ஜோஹானஸ்பர்க் பக்கம் உறைபனி விழும், தக்காளி தாங்காது. கேப் டவுனில் மழையே குளிர்காலத்தில்தான், அங்கே கணக்கு வேறு.

அடுத்தது திசை. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஊரில் வருடத்தின் பெரும்பகுதி சூரியன் தெற்கே சாய்ந்து போகும். இங்கே நடுப்பகலில் சூரியன் நிற்பது வடக்கே. ஜூனில் உச்சிவேளையிலும் அடிவானத்திலிருந்து சுமார் 37 டிகிரி உயரம்தான். ஆறடிச் சுவர் இருந்தால் அதன் தென்புறம் நடுப்பகலிலேயே எட்டடிக்கு நிழல் விழும் என்று அர்த்தம். நான் இரண்டு வருடம் வீட்டின் தென்பக்கம் பாத்தி கட்டி, குளிர்காலம் முழுக்க வெளிறிய கீரையைத்தான் பறித்தேன். பாத்தியோ தொட்டியோ, வடக்கு வெயில் தடையில்லாமல் விழும் இடத்தில் வையுங்கள். கொடிப்பந்தலை மட்டும் பாத்திக்குத் தெற்கே போடுங்கள். வடக்கே போட்டால் அதன் நிழல் மற்ற எல்லாச் செடிகள் மேலும் விழும். தென்பக்கத்து ஈரநிழல் வீண் என்று நினைக்க வேண்டாம். அங்கே புதினா செழிக்கும். தண்ணீர் தேங்குகிற பள்ளத்தில் வெயிலும் கொஞ்சம் படுமானால் மடும்பி, அதாவது நம் சேப்பங்கிழங்கு, வையுங்கள். அப்படிப்பட்ட இடத்தில் மண் கொட்டி மேடாக்கி மிளகாய் வைக்கப் பாடுபடுவதைவிட அது மேல்.

மண்ணுக்கு வருவோம். டர்பனின் பெரியா (Berea) என்ற மேட்டுப் பகுதியில் இருப்பது சிவப்பு மணல். தண்ணீரும் நிற்காது, உரமும் நிற்காது. வருடத்துக்கு 1,000 மில்லிமீட்டர் அளவில் பெய்கிற மழை சத்தைக் கீழே இழுத்துக்கொண்டு போய்விடும். ஒரேயடியாக நிறைய உரம் போட்டுவிட்டு மூன்று மாதம் மறந்துவிடுவது இந்த மண்ணில் பலிக்காது. மட்கு உரத்தை அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, மேலே காய்ந்த புல் மூடாக்கு இடுங்கள்.

உர மூட்டையில் இருக்கும் எண்ணைத் தவறாகப் படிப்பதும் நம்மவர்களிடம் சகஜம். இந்தியாவில் 17:17:17 என்றால் ஒவ்வொன்றும் 17 சதவீதம். இங்கே 2:3:2 (22) என்பது விகிதம் மட்டுமே. அடைப்பில் உள்ள 22 மொத்தச் சத்தின் சதவீதம். தழைச்சத்து ஆறு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், மணிச்சத்து ஒன்பதுக்கு மேல், சாம்பல்சத்து மறுபடி ஆறு. "வெறும் இரண்டு சதவீதம்தானே" என்று மூன்று மடங்கு போட்டு மிளகாய் நாற்றைக் கருக்கியவர் எங்கள் தெருவிலேயே உண்டு. நாற்று வைக்கும்போது 2:3:2, காய்க்கும் செடிக்கு 3:1:5 என்று வைத்துக்கொள்ளலாம். லேன் (LAN) என்று விற்கும் உரத்தில் 28 சதவீதம் தழைச்சத்து இருக்கிறது. மிளகாய்க்கும் தக்காளிக்கும் அதை அள்ளிப் போட்டால் செடி கரும்பச்சையாக நிற்கும், பூ நிற்காது.

தண்ணீரில் இரண்டு தவறுகள். கோடையில் சாயங்காலம் ஹோஸ் பைப்பால் இலைமேல் பீய்ச்சுவது ஒன்று. இந்த ஊர்ப் புழுக்கத்தில் இலை விடியும்வரை காயாது, பூசணியிலும் வெள்ளரியிலும் அடிச்சாம்பல் நோய் வந்துவிடும். காலையில், வேரில் ஊற்றுங்கள். குளிர்காலத்தில் செடி வாடாது என்று நினைத்து விட்டுவிடுவது மற்றொன்று. அப்போதுதான் மழை மிகக் குறைவு.

குரங்குகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. வெர்வெட் குரங்குக் கூட்டம் ஒரு காலையில் ஒரு வருட உழைப்பைத் தின்றுவிடும். அழுகை வரும், எனக்குத் தெரியும். ஆனாலும் விஷம் வைப்பதும் கவட்டையால் அடிப்பதும் வேண்டவே வேண்டாம். சட்டமும் அனுமதிக்காது, அவை நமக்கு முன்பே இங்கே இருந்தவை. பழத்தட்டைச் சன்னல் ஓரம் வைப்பது, குப்பைப் பையைத் திறந்து போடுவது இரண்டும்தான் அவற்றை வரவழைக்கின்றன. காய்க்கும் பாத்தியை மட்டும் கூண்டு போல் கம்பிவலையால் மூடுங்கள். தொளதொளவென்று தொங்கும் பெரிய கண் வலையில் பறவையும் பாம்பும் சிக்கிச் சாகும், அதைப் போடாதீர்கள்.

பப்பாளி வைப்பவர்கள் விதையிலிருந்து ஒரே ஒரு கன்று வைத்துவிட்டு ஏமாறுகிறார்கள். அது ஆண் மரமாகிவிட்டால் காய்க்காது. மூன்று கன்று சேர்த்து நட்டு, பூ வந்ததும் பார்த்து வேண்டாததைக் கழித்துவிடுங்கள். எலுமிச்சை இலையில் கொப்புளம் கொப்புளமாக இருந்தால் பதறி மருந்தடிக்க வேண்டாம். சின்னப் பூச்சி உண்டாக்கிய மேடு அது. வந்த கொப்புளம் எந்த மருந்துக்கும் போகாது, மரம் பாட்டுக்குக் காய்க்கும். சிரிங்கா மரத்தை வேம்பு என்று நம்பி, அதன் காயை அரைத்துக் கரைசல் செய்வதும் ஆபத்து. அது மலைவேம்பு, காய் நஞ்சு. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்தக் காயைச் சமையல் பாத்திரத்தில் வைக்கவே கூடாது.

கடைசியாக, கறிவேப்பிலை. ஊரிலிருந்து வருபவர்கள் பெட்டியில் துணிக்கு நடுவே ஒரு கன்றையோ விதையையோ வைத்துக்கொண்டு வருகிறார்கள். ஆசை எனக்கும் புரிகிறது, பாட்டி வீட்டுக் கொல்லை மரத்தின் வாசனை அது. ஆனால் செடி, விதை கொண்டுவர இங்கே சட்டப்படி அனுமதிச் சீட்டு வேண்டும். அதற்குக் காரணமும் உண்டு. ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைக் கொல்லும் ஆசியப் பச்சை நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையிலும் குடியிருக்கும். இந்நாட்டுச் சிட்ரஸ் தோட்டங்களை நம்பி எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன.

காய்ந்த விதையை வாங்கி ஊன்றுவதிலும் பயனில்லை. பழத்திலிருந்து எடுத்ததும் சதையைக் கழுவிவிட்டு உடனே ஊன்றினால்தான் முளைக்கும். அதைவிட எளிய வழி, பெரிய மரத்தைச் சுற்றி வேரிலிருந்து கிளம்பும் பக்கக்கன்று. குளிரில் தோண்டினால் பட்டுப்போகும். புரட்டாசியில் கொஞ்சம் வேரோடு எடுத்து வையுங்கள். முதல் குளிர்காலத்தில் இலை உதிர்ந்தால் செத்துவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள், தண்ணீரை மேலும் மேலும் ஊற்றவும் வேண்டாம், ஆவணி கடந்ததும் துளிர்க்கும். என் வாசலில் இப்போது தோளுயரம் நிற்பது ஆயா வீட்டு மரத்தின் பக்கக்கன்றுதான். கேட்டதும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.