பழைய டிராக்டருக்கு இரட்டைச் சக்கரம்: இழுவைப் போட்டிக்கு முன் அளக்க வேண்டியவை

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் எங்கள் பக்கத்துப் பண்ணைப் பெரியவரிடம் 1948ஆம் ஆண்டின் ஃபார்மால் எம் டிராக்டர் ஒன்று இருக்கிறது. மூன்று கோடைகளாக அதை இழுவைப் போட்டிக்கு, அதாவது எடை ஏற்றிய சறுக்குவண்டியை எவ்வளவு தூரம் இழுக்கிறது என்று பார்க்கும் போட்டிக்கு, தயார் செய்ய அவருக்குத் துணையாக இருக்கிறேன். சென்ற ஆண்டு பின்சக்கரங்களுக்கு வெளியே இன்னொரு ஜோடி மாட்டினோம். முழு இழுவை என்பது 300 அடி. ஒற்றைச் சக்கரத்தில் எட்டிய தூரத்தைக்கூட அன்று எட்டாமல் வண்டி நின்றுவிட்டது. எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. நான் டேப் பிடித்து அளக்காமல் விட்டதுதான் காரணம்.

மாட்டுவதற்கு முன்

போட்டி நடத்தும் சங்கத்தின் விதிப்புத்தகத்தைப் படியுங்கள். பழைய டிராக்டர் பிரிவில் இரட்டைச் சக்கரத்தை அனுமதிக்காத சங்கங்கள் நிறைய உண்டு. அனுமதிக்கும் இடத்திலும் டயர் அளவுக்கும் மொத்த அகலத்துக்கும் வரம்பு இருக்கலாம். சக்கரம் வாங்கிய பிறகு இதைத் தெரிந்துகொள்வதில் பயனில்லை.

அடுத்தது எடை. போட்டி எடைப்பிரிவுகளாக நடக்கிறது; ஓட்டுநரும் டிராக்டருமாகத் தராசில் ஏற வேண்டும். வெளிச்சக்கர ஜோடி சில நூறு பவுண்டுகளைச் சேர்க்கும். அதே பிரிவில் நிற்க வேண்டுமானால் அந்த அளவுக்கு எடைக்கட்டிகளைக் கழற்றியாக வேண்டும். பலர் முன்பக்கக் கட்டிகளைக் கழற்றிவிடுகிறார்கள். அது தவறு. இழுக்கும் சறுக்குவண்டியில் எடைப்பெட்டி பின்னாலிருந்து முன்னோக்கி நகர்ந்துகொண்டே வரும். தூரம் கூடக்கூட இழுவை கனத்து, டிராக்டரின் மூக்கு மேலே எழும். முன்னால் இருக்கும் கட்டிதான் அதைத் தரையில் வைத்திருக்கிறது. கழற்றுவதென்றால் பின்சக்கரக் கட்டிகளைக் கழற்றுங்கள். உள்சக்கர டயரில் எடைக்காகக் கால்சியம் குளோரைடு கரைசல் நிரப்பியிருந்தால் அதை எடுத்துவிடலாம். எங்கள் வண்டியின் அளவு டயர் ஒன்றில் அது 500 பவுண்டுக்கும் மேல் இருக்கும், ரிம்மையும் அரிக்கும்.

மண்ணையும் பாருங்கள். களிமண்ணின் பிடி அதன் ஒட்டுத்தன்மையில் இருப்பதால், பட்டன்கள் (டயரின் மேல் புடைத்து நிற்கும் ரப்பர் கட்டைகள்) பதியும் பரப்பு கூடினால் இழுவை கூடும். மணலில் அப்படி இல்லை. அங்கே பிடி முழுவதும் எடையிலிருந்து வருகிறது. எடையை நான்கு டயருக்குப் பிரித்துக் கொடுத்தால் புதிதாக ஒன்றும் கிடைக்காது. களிமண்ணிலும் ஒரு நிபந்தனை உண்டு. தடம் கெட்டியாக உருட்டப்பட்டு, டயருக்கு விழும் எடையும் குறைவாக இருந்தால், பட்டன்கள் உள்ளே இறங்காமல் மேலேயே வழுக்கும். அப்படிப்பட்ட தடத்தில் கூர்மையான பட்டன் உள்ள ஒற்றைச் சக்கரமே மேல் என்பது என் உறுதியான கருத்து. ஈரப்பதமுள்ள, சற்று மென்மையான களிமண் தடத்துக்குத்தான் நான் இரட்டையை எடுத்துவைப்பேன்.

சுற்றளவு: நான் தவறிய இடம்

எங்கள் நான்கு டயரிலும் பக்கச்சுவரில் அளவு 13.6-38 (அகலமும் ரிம் விட்டமும், அங்குலத்தில்) என்றே எழுதியிருந்தது. அதைப் பார்த்து நான்கும் சமம் என்று எடுத்துக்கொண்டேன். போட்டி முடிந்து தடத்தில் நடந்துபோய்ப் பார்த்தபோது, இடதுபுறம் வெளிச்சக்கரத்தின் பட்டன் அச்சு ஆழமாகவும், அதை ஒட்டிய உள்சக்கரத்தின் அச்சு மேலோட்டமாகவும் பதிந்திருந்தன. வீட்டுக்கு வந்து அளந்தோம். பட்டன் அதிகம் தேயாத அந்த வெளிடயர் 3 அங்குலம் கூடுதல் சுற்றளவு. ஆரத்தில் அது ஏறக்குறைய அரை அங்குலம். அந்த அரை அங்குலத்தால் இடப்பக்க எடையில் பெரும்பங்கு வெளிடயரில் விழுந்தது; உள்டயர் கடமைக்குச் சுற்றியது. இதைவிடக் கவலைக்குரியது ஆக்சில். ஆக்சிலைத் தாங்கும் ஹவுசிங்கிலிருந்து தள்ளி நிற்கும் சக்கரத்தில் எடை விழ விழ, ஆக்சிலை வளைக்கும் விசை கூடும். எழுபது வயது தாண்டிய இரும்பிடம் அதைக் கேட்கக் கூடாது.

நான் இப்போது அளக்கும் முறை:

நான்கு டயரிலும் முதலில் ஒரே அளவு காற்று நிரப்புகிறேன். தையல்காரர் வைத்திருப்பது போன்ற, ஆனால் நீளமான துணி டேப்பைப் பட்டன்களின் மேல் நடுக்கோட்டில் சுற்றி அளக்கிறேன். இரும்பு டேப் வேண்டாம். பட்டன்களுக்கு நடுவே நழுவும், ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கணக்குக் காட்டும். மூன்று முறை அளந்து, டயரிலேயே சாக்பீஸால் எழுதிவைக்கிறேன். இந்த அளவு டயர் தரையில் உருளும்போது ஒரு சுற்றுக்குச் சுமார் 15 அடி போகும். 300 அடிக்கு இருபது சுற்று. மூன்று அங்குல வேறுபாடு இருபது சுற்றில் ஐந்து அடி. ஒரே ஆக்சிலில் பூட்டப்பட்ட இரண்டு டயர்கள் அந்த ஐந்து அடியை ஒன்றோடொன்று மல்லுக்கட்டித்தான் தீர்க்கின்றன.

பெரிய சுற்றளவு உள்ளதை உள்ளே போடுங்கள், சிறியதை வெளியே. இடம், வலம் ஜோடிகளும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். இல்லையென்றால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ரேடியலையும் பழைய பயஸ் டயரையும் (உள்ளே நூலடுக்குகள் ஓடும் விதம் வேறான இரண்டு வகைகள்) ஒரே பக்கத்தில் சேர்க்காதீர்கள். எண் ஒன்றாக இருந்தாலும் எடை ஏறும்போது அமுங்கும் விதம் வேறு.

மாட்டுதல்

டிரெய்லரில் ஏற்றிய வண்டி 102 அங்குல அகலத்தைத் தாண்டக் கூடாது என்பதால், வெளிச்சக்கரங்களைப் போட்டித் திடலில்தான் மாட்ட வேண்டியிருக்கும். ஜாக்கியை நம்பி மண்தரையில் வேலை செய்ய எனக்கு விருப்பமில்லை. உள்சக்கரத்தை மூன்று அங்குல தடிமனுள்ள பலகையின் மேல் ஏற்றி நிறுத்திவிட்டு, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். வெளிச்சக்கரம் தரையில் படாமல் சுலபமாகப் பொருந்திவிடும்.

பட்டன்கள் V போல அமைந்து காட்டும் அம்பு திசையைப் பாருங்கள். பின்னால் நின்று பார்த்தால், டயரின் மேல்பகுதியில் அம்பின் முனை மேல்நோக்கி இருக்க வேண்டும். அவசரத்தில் இடதும் வலமும் மாறினால் டயர் பின்பக்கமாக ஓடுவது போல மண்ணைத் தள்ளும்.

வெளிச்சக்கரத்தைப் பொருத்த, சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பை நீட்டிக்கும் அமைப்பும் கிடைக்கிறது. தொடக்கக்காரருக்கு நான் சொல்வது கொக்கி போல்ட் வகை: நடுவே ஒரு இரும்பு வளையம், உள்ரிம்மைப் பிடித்து இழுக்கும் கொக்கிகள். போல்ட்டுகளை வரிசையாக முறுக்காமல் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். காற்றுத் துப்பாக்கி ஸ்பேனரை இதற்குத் தொட மாட்டேன். ஒரு கொக்கி இறுகியும் மற்றொன்று தளர்ந்தும் நிற்கும். நீளக் கைப்பிடி ஸ்பேனரும், கடைசியில் முறுக்கு விசையைக் காட்டும் டார்க் ரெஞ்சும் போதும். பலகையிலிருந்து இறங்கி ஐம்பது அடி ஓட்டிவிட்டு மறுபடி முறுக்குங்கள். வளையம் உட்கார்ந்த பிறகு கட்டாயம் தளர்வு காணும். ஒவ்வொரு இழுவைக்குப் பின்னும் இதே வேலை.

இரண்டு டயரின் பக்கச்சுவர்களும் எடை ஏறிய நிலையில் உரசாமல், நடுவே கை நுழையும் இடைவெளி இருக்கட்டும். காற்று: எங்கள் வண்டிக்கு உள்ளே சதுர அங்குலத்துக்கு 12 பவுண்டு, வெளியே 10. உங்கள் டயர் தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்சத்துக்குக் கீழே போகாதீர்கள்.

திரும்பும்போது மெதுவாக, பெரிய வட்டமாகத் திரும்புங்கள். ஒரு பக்க பிரேக்கை மட்டும் மிதித்து அதே இடத்தில் திருப்புவது ஒற்றைச் சக்கரப் பழக்கம். இங்கே அது கொக்கிகளைத் திருகிவிடும்.

பிற்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு மாட்டிய ஒருவர், இழுகொக்கி (சறுக்குவண்டியைப் பிணைக்கும் பின்கொக்கி) உயரச் சோதனையில் தன்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று எழுதியிருந்தார். நான் சேர்த்திருக்க வேண்டிய செய்தி இது. பெரும்பாலான சங்கங்களில் இழுகொக்கி தரையிலிருந்து 20 அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஒற்றை டயரில் அமுங்கியிருந்த வண்டி, எடையை நான்கு டயர் பகிர்ந்துகொண்டதும் மேலே எழும். இழுகொக்கியும் கூடவே எழும். வெளிச்சக்கரம் மாட்டி, காற்றை இறுதி அளவுக்குக் கொண்டுவந்து, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்த பிறகு, சமதளத்தில் அளந்து இழுகொக்கியை இறக்கிக்கொள்ளுங்கள். நாங்கள் 19¾ அங்குலத்தில் வைத்திருக்கிறோம்.