ஓஷிபோரி: இசகாயா வேலைக்குப் புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானில் இசகாயாவுக்குள், அதாவது மதுவும் சாப்பாடும் கிடைக்கும் கடைக்குள், வந்து உட்கார்ந்தவருக்கு முதலில் போவது ஓஷிபோரி. நனைத்துப் பிழிந்து சுருட்டிய சின்னத் துண்டு, கை துடைக்க. குளிர்காலத்தில் சூடாக, கோடையில் ஜில்லென்று. எப்படிக் குனிந்து நீட்டுவது என்பதெல்லாம் முதல் நாளே சொல்லித் தந்துவிடுவார்கள். வேலை கொஞ்சம் பழகிய பிறகு வரும் தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன். புதிதாக வரும் ஒவ்வொருவரும் இவற்றில் ஒன்றையாவது செய்கிறார்கள்.

அடுப்படி எண்ணெயைத் துடைப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். கைக்கு எட்டும் தூரத்தில் ஈரத் துண்டு இருக்கிறது, பொரிக்கும் சட்டி பக்கத்தில் எண்ணெய் சிந்திவிட்டது. சட்டென்று உருவித் துடைத்துவிடுகிறார்கள். பெரும்பாலான கடைகளில் அந்தத் துண்டு கடையுடையதே இல்லை. வாடகைக்குக் கொடுக்கும் நிறுவனத்துடையது. அவர்கள் கொண்டுபோய் வெளுத்து, கிருமி நீக்கி, மறுபடி இன்னொரு கடைக்கு அனுப்புகிறார்கள். எண்ணெய்க் கறை போகாவிட்டால் துண்டு வீண், கடைக்கும் கெட்ட பெயர்.

அதைவிட மோசம், மறைக்கப் பார்ப்பது. நான் முன்பு இருந்த ஒரு கடையில் எண்ணெய்த் துண்டுகளை முதலாளிக்குத் தெரியாமல் அங்கேயே துவைத்து, டிரையரில் காயவைத்து, சூடு ஆறுவதற்குள் மடித்து அடுக்கிவிட்டார்கள். கடை சாத்தும் நேரத்தில் கருகல் வாடை. அடுக்கின் நடுவே துண்டுகள் பழுப்பேறி, புகையத் தொடங்கியிருந்தன. துவைத்தாலும் சமையல் எண்ணெய் நூலுக்குள் தங்கிவிடும். அது காற்றோடு வினைபுரிந்து சூடாகும்; அடுக்குக்குள் அந்தச் சூட்டுக்கு வெளியேற வழியில்லை. யாரும் நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளும். இன்னும் ஒரு மணி நேரம் யாரும் கவனிக்காமல் இருந்திருந்தால்? எண்ணெய்க்குக் காகிதத் துண்டு எடுங்கள். தெரியாமல் ஓஷிபோரியில் துடைத்துவிட்டால் முதலாளியிடம் சொல்லிவிடுங்கள், திட்டு வாங்கினாலும் பரவாயில்லை.

மிச்சத்தை வார்மரிலேயே விட்டுவிடுவது

துண்டுகளைச் சூடாக வைக்கும் பெட்டிதான் வார்மர். இரவு அதை அணைத்ததும் உள்ளே இருப்பது வெதுவெதுப்பான ஈரத் துணி. சில கிருமிகளின் வித்துகள் சூட்டிலும் சாகாது, அந்த வெதுவெதுப்பில் பெருகும். மறுநாள் புளித்த வாடை அடிக்கும். 1982-இல் ஜப்பான் சுகாதார அமைச்சகம் வாடகை ஓஷிபோரிக்கு வகுத்த நெறிமுறையே கோலிஃபார்ம் (மலக் கழிவு கலந்திருக்கலாம் என்று காட்டும்) கிருமி இருக்கக் கூடாது என்கிறது. அவ்வளவு சுத்தமாக வந்ததை நாம் கெடுக்கக் கூடாது. அன்றைக்குத் தேவையானதை மட்டும் வையுங்கள், அடித்தட்டில் தேங்கும் தண்ணீரையும் கொட்டுங்கள்.

சூடு பார்க்காமல் கொடுப்பது

பிரித்து ஒரு தடவை உதறிக் கொடுங்கள். குழந்தை இருந்தால் இரண்டு தடவை.

பல்குச்சியோடு சுருட்டிப் போடுவது

அழுக்குப் பையில் போடும் முன் உதறிப் பாருங்கள். உடைந்த கண்ணாடித் துண்டும் இருக்கலாம். வாடகை நிறுவனத்தில் துண்டுகளைப் பிரிக்கிறவர் கையால்தான் பிரிக்கிறார்.