வளவு முற்றத்தில் செக்ஸ்டன்ட் பழகுவது எப்படி?

செக்ஸ்டன்ட் என்பது சூரியன், நட்சத்திரங்களின் உயரத்தைக் கோணமாக அளக்கும் கருவி. அதை வைத்து வானத்தைப் பார்த்துக் கப்பல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கப் பழகுவதற்குக் கடல் வேண்டியதில்லை. காரைக்குடியில் ஒரு வளவு முற்றம், அதாவது செட்டிநாட்டு வீட்டின் நடுவே வானம் தெரியும் முற்றம், போதும். கப்பலில் செகண்ட் ஆபீசராக இருக்கும் நான், லீவில் வரும்போது அக்காள் மகனுக்கு இங்கேதான் சொல்லிக்கொடுக்கிறேன்.

முதலில் எந்த நாளில் அளப்பது என்று பாருங்கள். நம் முற்றத்தில் அடிவானம் தெரியாது. அதனால் தாம்பாளத்தில் எண்ணெய் ஊற்றி, அதில் தெரியும் சூரியனோடு வானத்துச் சூரியனைச் சேர்த்து அளக்கிறோம். அப்படி வருவது உயரத்தின் இரு மடங்கு. கருவியோ 120 டிகிரியைத் தாண்டிக் கொஞ்சம்தான் அளக்கும். சித்திரை வெயிலில் உச்சிச் சூரியன் தலைக்கு நேரே நிற்கும், அளக்கவே முடியாது. மார்கழிதான் வாகான மாதம். அதிலும் டிசம்பர் 25-ஐ ஒட்டிச் சூரிய நேரமும் அந்தந்த இடத்தின் கடிகார நேரமும் கிட்டத்தட்ட ஒத்துப்போவதால் கணக்கு எளிது.

தண்ணீர் லேசான காற்றுக்கே நடுங்கும். ஒர்க்‌ஷாப்பில் கழித்த இன்ஜின் ஆயிலை வாங்கிக்கொள்ளுங்கள். கருப்பாக, கெட்டியாக, கண்ணாடி மாதிரி நிற்கும். வீட்டுச் சுவர்களும் காற்றை மறிக்கும். முக்காலியில் தெற்கே பார்த்து உட்கார்ந்து, தாம்பாளத்தை இரண்டடி முன்னால் வையுங்கள். செக்ஸ்டன்டின் இரண்டு பக்கக் கருப்புக் கண்ணாடிகளையும் இறக்கிய பிறகே கண்ணை வையுங்கள். எண்ணெயில் தெரியும் சூரியனும் கண்ணைக் கெடுக்கும். இதில் சமரசமே கூடாது.

செக்ஸ்டன்டின் நகரும் கையை 113 டிகிரியை ஒட்டி வைத்துக்கொண்டு எண்ணெய்ச் சூரியனைத் தேடுங்கள். பக்கத்திலேயே இன்னொரு வட்டம் மிதந்து வரும். ஒன்றுக்குப் பச்சைக் கண்ணாடி, மற்றதற்கு வேறு நிறம் போட்டால் குழப்பம் வராது. மைக்ரோமீட்டரை, அதாவது கோணத்தை நுணுக்கமாக மாற்றும் திருகை, மெல்லத் திருகுங்கள். வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று அச்சாக உட்காரும் கணத்தில் நான் “ஆச்சு” என்பேன், பையன் கடிகாரத்தைப் பார்த்து, “11.44.40, மாமா” என்று எழுதிக்கொள்வான்.

அந்த அளவை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, உச்சியில் சூரியன் ஏறி நிற்கும் மிகப் பெரிய அளவை எடுங்கள். உதாரணத்துக்கு 113 டிகிரி 9 மினிட் என்று வைப்போம் (இங்கே மினிட் என்பது நேரம் அல்ல, ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு). கருவியின் பிழை 2 மினிட் கூடுதல் என்றால் அதைக் கழித்துப் பாதியாக்குங்கள்: 56 டிகிரி 33½. காற்று ஒளியை வளைப்பதற்கு அரை மினிட் கழித்தால் 56 டிகிரி 33. இதை 90-இலிருந்து கழித்தால் 33 டிகிரி 27. அன்று சூரியன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 23 டிகிரி 23 மினிட்டில் நிற்பதாக, நாள்தோறும் சூரியன், நட்சத்திரங்களின் இடத்தைத் தரும் நாட்டிகல் அல்மனாக் சொன்னால், அதையும் கழியுங்கள். 10 டிகிரி 4 மினிட் வடக்கு. அதுதான் காரைக்குடியின் அட்சரேகை. இதற்குத் துல்லியமான கடிகாரம்கூட வேண்டாம்.

தீர்க்கரேகைக்குத்தான் கடிகாரம். உச்சியில் சூரியன் சில நிமிடம் அசையாததுபோல் இருக்கும். அந்தக் கணத்தை நேராகப் பிடிக்க முயலாதீர்கள். காலையில் குறித்த அளவுக்கே கருவியைத் திரும்பத் திருப்பி வைத்துக் காத்திருங்கள். சூரியன் இறங்கி வந்து வட்டங்கள் மறுபடி சேரும் நேரம் 12.45.04 என்றால், நடுப்புள்ளி 12.14.52. நம் கடிகாரம் 82½ டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையின் நேரம். இங்கே உச்சி 12 மணிக்கு மேல் 14 நிமிடம் 52 விநாடி தாமதம் என்றால், 4 நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் 3 டிகிரி 43 மினிட் மேற்கே இருக்கிறோம்: 78 டிகிரி 47 மினிட் கிழக்கு. 4 விநாடி தவறினால் ஒரு மினிட், ஏறத்தாழ ஒரு கடல் மைல் போய்விடும். அதனால் கடிகாரத்தை முதலில் சரிபாருங்கள்.

ஜி.பி.எஸ். இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்தச் சிக்னலை வேண்டுமென்றே குழப்பும் கடல்பகுதிகள் இன்று உண்டு. அங்கே போய்ப் படிக்க முடியாது.

கப்பலில் எண்ணெய்க்குப் பதில் அடிவானம். பாதியாக்க வேண்டாம், ஆனால் கண் உயரத்துக்குத் திருத்தம் வேண்டும்: 25 மீட்டர் உயரப் பிரிட்ஜில் (கப்பலை ஓட்டும் மேல்தளத்தில்) 8.8 மினிட் கழிக்க வேண்டும். சூரியனின் கீழ் விளிம்பை அடிவானத்தில் தொடவிட்டு, அரை விட்டத்துக்கு 16 மினிட் கூட்டுங்கள். கப்பல் நகர்ந்துகொண்டே இருக்குமாதலால் உச்சி நேரத்தில் கூடுதல் கணக்கும் உண்டு. நட்சத்திரங்களை அளக்க அந்தி மயங்கும் சிறு இடைவெளிதான் கிடைக்கும். அடிவானமும் நட்சத்திரமும் சேர்ந்து தெரியும் நேரம் அதுதான். எந்த மூன்று நட்சத்திரங்கள் என்பதை முன்கூட்டியே தேர்ந்து, உத்தேச உயரத்தை எழுதி வைத்துக்கொண்டு பிரிட்ஜுக்குப் போங்கள்.